தணிக்கை முடிந்தது என்றால் எல்லாம் சரி என்று பொருளா?

கேள்வி: நான் புதுக்கோட்டை மாவட்டத்தின் ஒரு கிராமத்தில் வசிக்கும் ஓய்வுபெற்ற தொடக்கப்பள்ளித் தலைமையாசிரியை. எங்கள் தெருவில் போட்ட சிமெண்ட் சாலை இரண்டாவது மழைக்காலத்திலேயே பெயர்ந்து, ஜல்லி வெளியே தெரிகிறது. கிராம சபையில் இதைக் கேட்டபோது, "தணிக்கையெல்லாம் முடிந்துவிட்டது, ஒரு தடையும் இல்லை" என்று ஊராட்சிச் செயலர் பதில் சொன்னார். தணிக்கை அறிக்கை என்று ஒன்றை ஒரு நிமிடத்தில் வாசித்துவிட்டு, ஏற்கப்பட்டதாகத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி எங்களிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். அரசு ஊழியரின் கணக்கை இன்னொரு அரசு ஊழியரே பார்த்தால் அது எப்படித் தணிக்கை ஆகும் என்று என் மகன் கேட்கிறான். சுதந்திரமான தணிக்கை என்று ஒன்று உண்மையில் இருக்கிறதா? என்னைப் போன்ற ஒருத்தி அதில் என்ன செய்ய முடியும்?

பதில்:

மதிப்பிற்குரிய அம்மா,

கணக்காயர் அலுவலகத் தணிக்கைப் பிரிவில் 34 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில், உங்கள் மகனின் கேள்வியை நான் ஒரு குற்றச்சாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. தணிக்கைத் துறையில் சேரும் ஒவ்வொருவரும் முதல் நாளே தனக்குள் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி அது. ஊராட்சிச் செயலர் சொன்னது பொய்யாக இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. தணிக்கை நடந்திருக்கலாம், தடை, அதாவது கணக்கில் கண்ட குறையைச் சுட்டும் ஆட்சேபம், எதுவும் எழுதப்படாமலும் இருந்திருக்கலாம், அதே நேரத்தில் உங்கள் தெருவின் சாலை மோசமாகப் போடப்பட்டதாகவும் இருக்கலாம். இந்த மூன்றும் ஒரே நேரத்தில் எப்படி உண்மையாக முடியும் என்பதை முதலில் விளக்கிவிடுகிறேன்.

நான் பணியில் சேர்ந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த காலத்தில், ஒரு அரசு மாணவர் விடுதியின் கணக்கைத் தணிக்கை செய்ய அனுப்பப்பட்டேன். அரிசி இருப்புப் பதிவேடு மிக நேர்த்தியாக இருந்தது. ஒவ்வொரு நாளும் தொடக்க இருப்பு, அன்றைய செலவு, முடிவிருப்பு ஆகிய மூன்றும் கிராம் பிசகாமல் பொருந்தின. மாணவர் எண்ணிக்கையை ஒருவருக்கான அளவால் பெருக்கினால் செலவு சரியாக வந்தது. வார்டனின் கையொப்பம் ஒரு நாள்கூட விடுபடவில்லை. மதியம் சாப்பிட உட்கார்ந்தபோது, பேச்சுவாக்கில் சமையல்கார அம்மாவிடம், பொங்கலுக்கு நீங்கள் ஊருக்குப் போனீர்களா என்று கேட்டேன். "பொங்கலுக்குப் பசங்களே இருக்க மாட்டாங்களே சார், நாங்க மட்டும் இருந்து என்ன பண்றது, அஞ்சு நாளும் அடுப்பே பத்த வைக்கலை" என்றார். திரும்பிப் போய்ப் பதிவேட்டைப் புரட்டினேன். அந்த ஐந்து நாட்களிலும் 58 மாணவர்களும் மூன்று வேளையும் சாப்பிட்டதாக எழுதியிருந்தது. கூட்டல், பெருக்கல் எதிலும் பிழையில்லை. அந்த அம்மாவிடம் பேசாமல் இருந்திருந்தால், நானும் தடை ஏதுமின்றி அறிக்கையை முடித்திருப்பேன். அடுத்த ஆண்டும் யாராவது ஒருவர் அப்படியே முடித்திருப்பார்.

இதை நான் விரிவாகச் சொல்லக் காரணம் உண்டு. தணிக்கையாளர் பார்ப்பது பெரும்பாலும் காகிதத்தைத்தான். நிர்வாக அனுமதி இருக்கிறதா, மதிப்பீட்டுக்குள் செலவு அடங்கியிருக்கிறதா, ஒப்பந்தப்புள்ளி முறைப்படி கோரப்பட்டதா, செலவுச் சீட்டில் கையொப்பம் இருக்கிறதா என்று பார்க்கிறார். எல்லாச் சீட்டுகளையும் பார்க்க அவருக்கு நேரம் தரப்படுவதில்லை என்பதால், சில மாதங்களைத் தேர்ந்தெடுத்துக்கொள்கிறார். காகிதம் ஒழுங்காக இருந்தால் தடை எழுத அவருக்கு இடமில்லை. உங்கள் தெருவில் எத்தனை அங்குலத் தளம் போடப்பட்டது என்பது, அந்தத் தெருவில் நடக்கிற உங்களுக்குத் தெரிந்த அளவு அவருக்குத் தெரியாது.

இனி, சுதந்திரம் பற்றிய கேள்விக்கு வருகிறேன். ஒரு தணிக்கையாளர் சுதந்திரமானவரா என்று அறிய நான் அவருடைய நேர்மையை முதலில் பார்ப்பதில்லை. அவரை யார் நியமிக்கிறார்கள், யாரால் நீக்க முடியும், அவருடைய செலவுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது, கேட்கும் ஆவணத்தைக் கொடுக்க மறுக்க முடியுமா, அவருடைய அறிக்கை யார் கையில் போய்ச் சேர்கிறது என்றுதான் பார்ப்பேன். இந்த அளவுகோலில் நம் நாட்டில் மிக உயர்ந்த இடத்தில் இருப்பவர் இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர், அதாவது செய்தித்தாள்கள் சி.ஏ.ஜி. என்று எழுதும் பதவியில் இருப்பவர். அரசமைப்புச் சட்டத்தின் 148 முதல் 151 வரையான பிரிவுகள் அவருக்காகவே எழுதப்பட்டவை. உச்ச நீதிமன்ற நீதிபதியை நீக்குவதற்கு என்ன நடைமுறையோ, அதே நடைமுறையில்தான் அவரை நீக்க முடியும். அவருடைய அலுவலகச் செலவு நாடாளுமன்றத்தின் வாக்கெடுப்புக்கு உட்படாமல் மத்திய அரசின் வருவாய் சேரும் இந்தியத் தொகுப்பு நிதியிலிருந்து நேரடியாக வருகிறது. பதவி முடிந்த பிறகு மத்திய அரசிலோ மாநில அரசிலோ வேறு எந்தப் பதவியும் அவர் ஏற்க முடியாது. பதவியில் இருக்கும்போதே அடுத்த நாற்காலியை எதிர்பார்த்து அறிக்கையின் கடுமையைக் குறைத்துவிடக் கூடாது என்பதற்காகவே அந்தத் தடை வைக்கப்பட்டது. 1949 மே மாதம் அரசமைப்பு நிர்ணய சபையில் இந்தப் பதவியைப் பற்றிப் பேசிய அம்பேத்கர், அரசமைப்பின் மிக முக்கியமான அதிகாரி இவராகத்தான் இருப்பார் என்றும், இவருடைய கடமைகள் நீதித்துறையின் கடமைகளைவிடவும் முக்கியமானவை என்றும் கருத்துத் தெரிவித்தார். அரசின் செலவைச் சட்டமன்றம் அனுமதித்த வரம்புக்குள் நிறுத்தும் கை இதுதான் என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

ஆனாலும் இந்த ஏற்பாட்டில் குறைகள் இருக்கின்றன, அவற்றை மறைப்பது உங்களுக்கு நான் செய்யும் உதவி ஆகாது. அவரைத் தேர்ந்தெடுக்க எதிர்க்கட்சித் தலைவரையோ நீதிபதியையோ உள்ளடக்கிய குழு எதையும் அரசமைப்பு விதிக்கவில்லை; ஆட்சியில் இருக்கும் அரசின் ஆலோசனைப்படி குடியரசுத் தலைவர் நியமிக்கிறார். இன்னொரு குறை இதைவிடப் பெரியது என்பது என் கருத்து. மாநிலம் பற்றிய அறிக்கையை ஆளுநரிடம் கொடுக்க வேண்டும், அவர் அதைச் சட்டமன்றத்தில் வைக்கச் செய்ய வேண்டும் என்று 151-ஆம் பிரிவு சொல்கிறதே தவிர, எத்தனை நாட்களுக்குள் என்று சொல்லவில்லை. டெல்லியில் தேங்கிக் கிடந்த 14 அறிக்கைகள், ஆட்சி மாறிய பிறகு 2025 பிப்ரவரியில்தான் சட்டமன்றத்துக்கு வரத் தொடங்கின. நம் மாநிலத்திலேயே, 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி வீதம் தண்ணீர் திறந்துவிடப்பட்டதை ஆராய்ந்து, அது மனிதரால் நேர்ந்த பேரிடர் என்ற முடிவுக்கு வந்த தணிக்கை அறிக்கை, 2018 ஜூலையில்தான் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. அடையாற்றங்கரையில் வீடிழந்தவர்கள் அதற்குள் இரண்டு வடகிழக்குப் பருவமழையைப் பார்த்துவிட்டார்கள். அறிக்கை வந்த பிறகும், சட்டமன்ற உறுப்பினர்களைக் கொண்ட பொதுக் கணக்குக் குழு அதை எடுத்துக்கொண்டு, துறைச் செயலாளரை அழைத்து விளக்கம் கேட்டால்தான் அது அடுத்த படிக்கு நகரும். தணிக்கையாளருக்கு யாரையும் தண்டிக்கும் அதிகாரம் கிடையாது. எழுதுவது மட்டுமே அவர் கையில் இருக்கிறது.

உங்கள் ஊராட்சிக்கு இந்தப் பாதுகாப்புகள் எதுவும் நேரடியாக வந்து சேர்வதில்லை என்பதுதான் நீங்கள் அறிய வேண்டிய முக்கியமான செய்தி. 73-ஆவது திருத்தத்தின் வழியாக அரசமைப்பில் சேர்ந்த 243ஜெ பிரிவு, ஊராட்சிகளின் கணக்கையும் தணிக்கையையும் மாநிலச் சட்டத்தின் பொறுப்பில் விட்டுவிட்டது. தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அலுவலர்கள் சில ஊராட்சிகளை மாதிரிக்கு எடுத்துப் பார்க்கிறார்கள். எல்லா ஊராட்சிகளுக்கும் அவர்கள் போவதில்லை. தமிழ்நாட்டில் நெடுங்காலம் கிராம ஊராட்சிகளின் கணக்கைத் தணிக்கை செய்தவர், ஊராட்சிகளை மேற்பார்வை செய்யும் அதே ஊரக வளர்ச்சித் துறையைச் சேர்ந்த துணை வட்டார வளர்ச்சி அலுவலர்தான். உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறை அதற்கு மேல் இருக்கிறது. அது நிதித்துறையின் கீழ் இயங்குவதால், வேலையைச் செய்யும் துறைக்கு வெளியே நிற்கிறது, ஆனால் அரசுக்கு வெளியே நிற்கவில்லை. ஆகவே உங்கள் மகன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. இந்தத் துறையில் வேலை செய்யும் பலர் வெயிலில் பேருந்து மாறிப் போய், உட்கார நல்ல நாற்காலிகூட இல்லாத அலுவலகங்களில் நேர்மையாகக் கணக்குப் பார்ப்பவர்கள் என்பதையும் நான் நேரில் கண்டிருக்கிறேன். அமைப்பின் குறையை அவர்கள் தலையில் ஏற்றிவிட வேண்டாம் என்று மகனிடம் சொல்லுங்கள்.

காகிதத்துக்கும் தெருவுக்கும் இடையில் இருக்கும் இந்த இடைவெளியை நிரப்ப, நம் நாட்டில் ஒரு வழி மக்களிடமிருந்தே பிறந்தது. ராஜஸ்தானில் அருணா ராய் உள்ளிட்டோர் 1990-இல் தொடங்கிய மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்ற அமைப்பு, 1994 டிசம்பரில் பாலி மாவட்டத்தின் கோட் கிரானா என்ற ஊரில் முதல் மக்கள் விசாரணைக் கூட்டத்தை நடத்தியது. அரசு வேலைகளின் வருகைப் பட்டியலையும் செலவுச் சீட்டுகளையும் ஊர்மக்கள் முன்னால் உரக்கப் படித்தார்கள். பெயர் படிக்கப்பட்டவர் எழுந்து, நான் அந்த வேலைக்கே போகவில்லை என்று சொல்லலாம். கட்டியதாகச் சொல்லப்பட்ட கட்டடம் ஊரில் இருக்கிறதா என்பது கூட்டத்தில் உள்ள அனைவருக்கும் தெரியும். அந்த ஆவணங்களைப் பெறுவதற்காக அவர்கள் நடத்திய போராட்டம், 2005-ஆம் ஆண்டின் தகவல் பெறும் உரிமைச் சட்டத்துக்கு இட்டுச்சென்ற பாதைகளில் முதன்மையானது. அதே ஆண்டு வந்த ஊரக வேலை உறுதிச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு, கிராம சபை சமூகத் தணிக்கை, அதாவது ஊர்மக்களே கணக்கைச் சரிபார்க்கும் தணிக்கை, நடத்த வேண்டும் என்றும், வருகைப் பட்டியல், ரசீதுகள், அளவுப் புத்தகம் உட்பட எல்லா ஆவணங்களையும் ஊராட்சி அதன் முன் வைக்க வேண்டும் என்றும் விதித்தது. தலைமைக் கணக்குத் தணிக்கையாளருடன் கலந்து 2011-இல் வகுக்கப்பட்ட விதிகள், அந்தத் தணிக்கைக்கு உதவ வரும் நபர் அதே ஊராட்சியில் வசிப்பவராக இருக்கக் கூடாது என்பது வரை யோசித்திருந்தன. தமிழ்நாட்டில் அதற்கெனத் தனிச் சங்கம் பதிவு செய்யப்பட்டது. மேகாலயா 2017-இல் ஒரு படி மேலே போய், வேலைத் திட்டத்தோடு நிறுத்தாமல் பல பொதுச் சேவைகளுக்கும் சமூகத் தணிக்கையைக் கட்டாயமாக்கித் தனிச் சட்டமே இயற்றியது. அப்படி ஒரு சட்டம் இங்கும் வர வேண்டும் என்று நான் பணியில் இருந்தபோதே விரும்பினேன்; உங்கள் சிமெண்ட் சாலை வேறு நிதியில் போடப்பட்டிருந்தால், இன்றைய நிலையில் அதைச் சமூகத் தணிக்கைக்கு எடுக்கச் சொல்லும் வலுவான பிடி உங்களிடம் இல்லை.

ஆனால் சமூகத் தணிக்கையின் முறையை நீங்களே கையாள யாருடைய அனுமதியும் தேவையில்லை. நான் உங்கள் இடத்தில் இருந்தால் முதலில் கேட்பது ஒரே ஒரு ஆவணத்தை: அந்தச் சாலையின் அளவுப் புத்தகம். பொறியாளர்கள் எம்.புக் என்று சொல்வார்கள். வேலை நடந்த இடத்துக்குப் போய், நீளம், அகலம், கனம் ஆகியவற்றை அளந்து பணி மேற்பார்வையாளர் அதில் பதிகிறார், பொறியாளர் சரிபார்த்துக் கையொப்பம் இடுகிறார், அந்த அளவுக்குத்தான் ஒப்பந்தக்காரருக்குப் பணம் போகிறது. உதாரணமாக, 120 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 15 சென்டிமீட்டர் கனம் என்று அதில் இருந்தால், 54 கன மீட்டர் கான்கிரீட்டுக்குப் பணம் கொடுக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். தெருவில் இருப்பது 10 சென்டிமீட்டர் கனம்தான் என்றால், போடப்பட்டது 36 கன மீட்டர். மூன்றில் ஒரு பங்குக்கு வேலையே நடக்கவில்லை. நீளமும் அகலமும் நாடாவால் அளந்துவிடலாம். கனத்தை, சாலை உடைந்து பக்கவாட்டு தெரிகிற நாலைந்து இடங்களில் பள்ளிக்கூட ஸ்கேலை வைத்தே அளக்கலாம். நீங்கள் ஆசிரியை, உங்களிடம் நிச்சயம் ஒன்று இருக்கும். அளக்கும் இடத்தை ஸ்கேலோடு சேர்த்துப் படம் எடுத்து, தேதியையும் யார் வீட்டு வாசல் என்பதையும் குறித்து வையுங்கள். ஓரத்தில் கனம் குறைவாக இருப்பது ஒன்றே முடிவான சான்று ஆகாது; நடுவில் துளையிட்டு மாதிரி எடுக்கும் சோதனையைப் பொறியாளர்தான் செய்ய வேண்டும். அந்தச் சோதனையைக் கேட்கும் தகுதியை உங்கள் அளவுகள் உங்களுக்குத் தரும்.

ஆவணத்தைப் பெற, தகவல் பெறும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு, 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டிய மனுவைப் பதிவஞ்சலில் அனுப்புங்கள். ஆவணம் வேறு அலுவலகத்தில் இருந்தால், மனுவை 5 நாட்களுக்குள் அங்கே மாற்றி அனுப்புவது அவருடைய கடமை. பதிலுக்கு 30 நாள் அவகாசம். பதில் வராவிட்டாலோ திருப்தி இல்லாவிட்டாலோ அடுத்த 30 நாட்களுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கும், அதிலும் பயனில்லை என்றால் 90 நாட்களுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்துக்கும் எழுதலாம். மனுவில் "ஏன் தரமற்ற சாலை போட்டீர்கள்" என்று எழுத வேண்டாம். அதற்குப் பதில் சொல்ல வேண்டிய கடமை தகவல் அலுவலருக்கு இல்லை, மனு தள்ளுபடியாகிவிடும். குறிப்பிட்ட சாலையின் மதிப்பீடு, பணி ஆணை, அளவுப் புத்தகத்தின் உரிய பக்கங்கள், பணி நிறைவுச் சான்று, அந்த ஆண்டின் தணிக்கை அறிக்கை, அதில் தடை ஏதும் இருந்தால் அதற்கு ஊராட்சி அளித்த பதில் ஆகியவற்றின் நகல் வேண்டும் என்று மட்டும் எழுதுங்கள். ஆவணங்களை நேரில் பார்வையிடவும், நடந்த வேலையை ஆய்வு செய்யவும், அதில் பயன்பட்ட பொருளின் சான்றிட்ட மாதிரியைப் பெறவும்கூட அச்சட்டத்தின் 2(ஜெ) பிரிவு உரிமை தருகிறது. இந்த மூன்றையும் பெரும்பாலானவர்கள் பயன்படுத்துவதே இல்லை.

பணி ஆணை கைக்கு வந்ததும், குறைபாட்டுப் பொறுப்புக் காலம் எவ்வளவு என்று உடனே பாருங்கள். அந்தக் காலத்துக்குள் சாலை பெயர்ந்தால், ஒப்பந்தக்காரர் தன் செலவில் சரிசெய்து தர வேண்டும். சில நேரங்களில் யார் தவறு செய்தார்கள் என்று நிரூபிப்பதற்கு முன்பே சாலை சரியாகிவிடும் வழி இதுதான், காலம் கடந்துவிட்டால் அந்த வழி அடைபட்டுவிடும்.

தணிக்கை அறிக்கையைப் படிக்கும்போது ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தணிக்கைத் தடை என்ற சொல்லைப் பார்த்தவுடன் திருட்டு என்று நினைத்துவிட வேண்டாம். பாதிக்கு மேல் தடைகள், சீட்டு காணவில்லை, ரசீதில் தேதி இல்லை, பதிவேடு முன்வைக்கப்படவில்லை என்பது போன்றவையாக இருப்பதை என் அனுபவத்தில் கண்டிருக்கிறேன். அவற்றில் பல, ஆவணத்தைத் தேடிக் கொடுத்ததும், தணிக்கையாளரும் அலுவலகத்தாரும் சேர்ந்து உட்காரும் கூட்டமர்வில் நீக்கப்படும். ஒரே வகைத் தடை ஆண்டுதோறும் திரும்ப வருகிறதா, இழப்பு என்று குறிப்பிட்டு உரியவரிடமிருந்து தொகையை வசூலிக்கச் சொல்லியிருக்கிறதா, சொல்லியும் வசூலாகாமல் கிடக்கிறதா என்று பாருங்கள். கவலைப்பட வேண்டியவை அவைதான்.

இதையெல்லாம் தனியாகச் செய்ய வேண்டாம் என்று அழுத்தமாகச் சொல்கிறேன். கேள்வி கேட்டவர்கள் ஊரில் தனித்துவிடப்பட்டதையும் மிரட்டப்பட்டதையும் நான் அறிவேன். உங்கள் தெருவில் நாலைந்து பேர், முடிந்தால் உங்களிடம் படித்த பிள்ளைகள், சேர்ந்து அளவெடுங்கள். மனுவை இரண்டு மூன்று பேர் தனித்தனியே அனுப்புங்கள். யார் பெயரையும் சொல்லிக் குற்றம் சாட்டாமல், புத்தகத்தில் இவ்வளவு இருக்கிறது, தெருவில் இவ்வளவு இருக்கிறது, வித்தியாசத்துக்கு விளக்கம் வேண்டும் என்று மட்டும் கேளுங்கள். வேலையில் தவறே இல்லை என்று தெரிய வந்தால், அதையும் அதே கூட்டத்தில் எழுந்து சொல்லும் மனநிலையோடு தொடங்குங்கள். அடுத்த முறை நீங்கள் கேட்கும்போது உங்கள் சொல்லுக்கு மதிப்பு இருக்க அது தேவை.

முந்தைய ஆண்டுக் கணக்கின் தணிக்கை அறிக்கைக்கு ஒப்புதல் அளிப்பது கிராம சபையின் வேலை என்று 1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் சொல்கிறது. ஒரு நிமிடத்தில் வாசித்து முடிக்கப்பட்ட அந்தச் சடங்கு, உண்மையில் உங்களுக்குச் சட்டம் கொடுத்த அதிகாரம். அடுத்த கூட்டத்துக்கு நாலு நாள் முன்னதாகவே, அறிக்கையை முழுமையாக வாசிக்க வேண்டும் என்றும், சாலையின் அளவுகளைப் பொருளாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்றும் எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒப்பம் வாங்கிக்கொள்ளுங்கள். துளையிட்டு மாதிரி எடுக்கும் சோதனையை ஒன்றியப் பொறியாளர் செய்ய வேண்டும் என்பதைத் தீர்மானமாகவே முன்மொழியுங்கள். கூட்டம் முடிந்து தீர்மானப் புத்தகம் கையெழுத்துக்கு வரும்போது, உங்கள் கேள்வியும் அதற்குச் சொல்லப்பட்ட பதிலும் அதில் இருக்கின்றனவா என்று படித்துப் பாருங்கள். இல்லை என்றால் எழுதச் சொல்லி, எழுதிய பிறகு கையெழுத்திடுங்கள். அளவுப் புத்தகத்தின் நகல் கிடைத்ததும், புரியாத பக்கம் இருந்தால் எனக்கு அனுப்புங்கள், சேர்ந்தே படிப்போம்.